ஸ்டீயரிங் நடுங்கினால் வண்டி நிற்க வேண்டும்

மகாராஜபுரத்திலிருந்து வத்திராயிருப்பு வழியாகக் கிருஷ்ணன்கோவிலுக்கோ அழகாபுரிக்கோ வரும் சாலைகளில் வருடம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பவை சிறிய சரக்கு வண்டிகள். தேங்காய் மூட்டை, நெல், வைக்கோல், மாட்டுத் தீவனம், கோடையில் மாங்காய்ப் பெட்டி என எதையும் அவைதான் சுமக்கின்றன. களையெடுக்கவும் நாற்று நடவும் போகும் பெண்களும் அதே வண்டிகளில்தான் ஏறுகிறார்கள். ஆடி அமாவாசை வந்தால், தாணிப்பாறை அடிவாரத்துக்குச் சதுரகிரி பக்தர்களும் அப்படியே வந்து இறங்குகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தின் பொருளாதாரம் இந்த நான்கு சக்கரங்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்த வண்டிகளை ஓட்டுபவர்களிடம் பேசினால் ஒரு குறை திரும்பத் திரும்பக் காதில் விழும். “அம்பதைத் தாண்டுனா ஸ்டீயரிங் கையில நிக்க மாட்டேங்குதுண்ணே.” ஒரு பள்ளத்திலோ பாலத்தின் இணைப்பிலோ முன்சக்கரம் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக வெடவெடக்கத் தொடங்குகிறது. சில நொடிகளில் முன்பக்கம் முழுக்க அதிர்கிறது. வேகம் கணிசமாகக் குறைந்தால்தான் அடங்குகிறது. பட்டறையில் இதற்கு ‘வாபிள் அடிக்குது’ என்று பெயர். பெரும்பாலான ஓட்டுநர்கள் இதை வண்டியின் குணம் என்று ஏற்றுக்கொண்டு, நடுக்கம் வரும் வேகத்தைத் தெரிந்துவைத்து, அதற்குக் கீழே ஓட்டப் பழகிவிடுகிறார்கள். நான் மறுக்க விரும்புவது இந்தப் பழக்கத்தைத்தான். நடுக்கம் வண்டியின் குணம் இல்லை. அது பழுது. பார்த்தால் தெரியும், சரிசெய்யக்கூடிய பழுது. சரிசெய்யாமல் விட்டால் ஆளைக் கொல்லும் பழுது.

ஏன் நடுங்குகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் குட்டியானை என்று பெயர் பெற்ற டாடா ஏஸ் 2005-ல் சந்தைக்கு வந்தது. முக்கால் டன் சுமக்கும் அந்த வண்டியின் முன்பக்கத்தில் இருப்பது ஒரே தண்டான அச்சும் கமான் பட்டைகளும். எடை சுமக்கும் பல வண்டிகளில் இதே அமைப்புதான். உறுதியானது, விலை குறைவு, கிராமத்துப் பட்டறையிலேயே பழுது பார்க்கலாம். ஆனால், இரண்டு முன்சக்கரங்களும் ஒரே அச்சில் பிணைந்திருப்பதால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாய்கிறது. வேகமாகச் சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். திரும்பினால் அச்சு மறுபடி சாயும். இணைப்புகள் இறுக்கமாக இருக்கும்வரை இந்த அசைவு எழுந்த இடத்திலேயே செத்துவிடும். சக்கரம் திரும்புவதற்கான ஆணியான கிங்பின்னும் அதன் புஷ்ஷும் தேய்ந்திருந்தால், இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் டை ராட்டின் முனையில் ஆட்டம் இருந்தால், சக்கர பேரிங் தளர்ந்திருந்தால், டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தோ பேலன்ஸ் இல்லாமலோ இருந்தால், யூ போல்ட் நழுவியிருந்தால், ஒவ்வொரு அசைவும் அடுத்த அசைவுக்குத் தீனி போடுகிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் சக்கரத்தின் சுழற்சியும் அச்சின் ஆட்டமும் ஒத்துப்போய்விட்டால், ஓட்டுநரின் இரண்டு கைகளுக்கும் அதை அடக்கும் பலம் போதாது.

இது புதிய சிக்கல் இல்லை. 1920-களில் காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களும் முன்சக்கர பிரேக்குகளும் வந்தபோது, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கார்களின் முன்பக்கம் இப்படித்தான் ஆடியது. பொறியாளர்கள் பல ஆண்டுகள் இதோடு மல்லுக்கட்டினார்கள். 1934-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் இரண்டு முன்சக்கரங்களையும் தனித்தனியே தொங்கவிடும் அமைப்பைக் கொண்டுவந்ததற்கு, சொகுசோடு இந்த நடுக்கமும் ஒரு காரணம். கார்கள் தப்பித்துக்கொண்டன. எடை சுமக்கும் வண்டிகள் பழைய அச்சோடு தங்கிவிட்டன. அதனால், இன்றும் அமெரிக்காவில் ஃபோர்டு சூப்பர் டியூட்டி போன்ற பெரிய பிக்கப் வண்டிகளின் உரிமையாளர்கள் இதே புகாரோடு நீதிமன்றம் போகிறார்கள். ஃபோர்டு மீது கலிஃபோர்னியாவில் 2019-ல் கூட்டு வழக்கு தொடரப்பட்டது. ஜீப் ரேங்ளர் வண்டியில் நடுக்கத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பரை மாற்றித் தர வேண்டிய நிலை அதைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு வந்தது. 2013-ல் கிரைஸ்லர், ராம் பிக்கப் வண்டிகள் சுமார் 12 லட்சத்தை டை ராட் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. ஆக, தண்டு அச்சு இருக்கும் வண்டிக்கு எந்த நாட்டிலும் இந்த நோய் வரலாம். அங்கே வாங்கியவர் நீதிமன்றம் வரை போகிறார். இங்கே ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்.

நம் ஊரில் இந்த நோயைப் பெருக்கும் காரணம் ஒன்று தனியாக உண்டு. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும், வண்டி சொன்னபடி கேட்காது. குட்டியானைக்கும் அதே கணக்குதான். முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் தேங்காயை ஏற்றி, பின்கதவைத் திறந்துபோட்டு, அச்சுக்குப் பின்னாலும் மூட்டையை நீட்டி அடுக்கினால், பாரம் பின்னால் அழுத்த முன்பக்கம் இலகுவாகிறது. முன்சக்கரம் தரையைப் பிடிக்கும் பிடி குறைகிறது. ஸ்டீயரிங் இலேசாகச் சுற்றுகிறதே என்று ஓட்டுநருக்குச் சுகமாகக்கூடத் தோன்றும். உண்மையில் ஆபத்து அந்த இலேசில்தான் இருக்கிறது. பிறகு, கூடுதல் பாரத்துக்காகப் பின்னால் இரண்டு பட்டை சேர்க்கிறார்கள். பாரம் இறங்கியதும் பின்பக்கம் தூக்கி நிற்கிறது. முன் அச்சின் சாய்வுக் கோணமே மாறிவிடுகிறது. சக்கரத்தைத் தானாக நேர்ப்படுத்தி வைத்திருப்பது அந்தக் கோணம்தான். சரக்கோடு ஒரு விதமாகவும், வெறும் வண்டியாகத் திரும்பும்போது வேறு விதமாகவும் வண்டி தடுமாறுவதற்குக் காரணம் இதுவே. பட்டை சேர்த்த பிறகு சக்கரக் கோணம் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு.

நடுக்கத்துக்குப் பட்டறையில் நடக்கும் வைத்தியமும் பல நேரங்களில் அரைகுறையாகவே இருக்கிறது. ஷாக் அப்சார்பரையோ டேம்பரையோ மாற்றிவிட்டு, நடுக்கம் அடங்கியதும் வண்டியை எடுத்துப்போகிறார்கள். தேய்ந்த கிங்பின் உள்ளே அப்படியே இருக்கிறது. வலி மரத்துப்போனதே தவிர நோய் தீரவில்லை. இன்னும் மோசம், தேய்ந்த டயரைப் பின்னாலிருந்து முன்னால் மாற்றுவதும், ரீட்ரெட் டயரை முன்சக்கரத்தில் போடுவதும். வாடகைக்கு ஓடும் வண்டியில் ஒருநாள் ஓட்டம் நின்றால் ஒருநாள் கூலி போகும். கடன் தவணை நிற்காது. இந்த நெருக்கடியில் இருப்பவரைத் திட்டி எழுதுவது எளிது. நான் அதைச் செய்யப் போவதில்லை. ஆனால், கிங்பின் செட் ஒன்றுக்கு ஆகும் செலவு, டயருக்கும் டீசலுக்கும் ஆவதோடு பார்த்தால் சிறியது. அந்தச் சிறிய செலவைத் தள்ளிப்போடும் முடிவை எடுப்பவர் உரிமையாளர். அந்த முடிவோடு சாலையில் இறங்குபவர் ஓட்டுநர். நடுக்கம் தெரிவது ஓட்டுநரின் உள்ளங்கைக்கு. பணம் இருப்பது வேறொருவர் பையில். சிக்கலின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சட்டம் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, ஆபத்தான குறையுள்ள வண்டியை ஓட்டுபவரையும், ஓட்டச் செய்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் ஒருசேரக் குற்றவாளியாக்குகிறது. குறை தெரிந்திருந்தாலும் குற்றம். சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,500 ரூபாய். அந்தக் குறையால் விபத்து நேர்ந்து ஒருவர் காயப்பட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். தொகை சிறியதுதான். ஆனால், ‘ஓட்டச் செய்பவர்’ என்ற சொல் பெரியது. “ஸ்டீயரிங் ஆடுது முதலாளி” என்று சொன்ன ஓட்டுநரை “இந்த ஒரு நடை போயிட்டு வா” என்று அனுப்புகிறவர் அந்தச் சொல்லுக்குள் வருகிறார். நடைமுறையில் விபத்துக்குப் பிறகு முதல் தகவல் அறிக்கையில் ஏறுவது ஓட்டுநரின் பெயர். இன்றைக்கு பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-வது பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. வண்டியை அனுப்பியவர் சாட்சியாகக்கூட வருவதில்லை.

எஃப்.சி. இருக்கிறதே என்று கேட்கலாம். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். கிங்பின்னும் டை ராட் முனையும் தேய இரண்டு ஆண்டு தேவையில்லை. கிரீஸ் அடிக்காமல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி, உழவுக்காட்டுப் பாதையில் இறக்கி ஏற்றினால் மாதக் கணக்கிலேயே ஆட்டம் விழுந்துவிடும். எஃப்.சி.க்கு முதல்நாள் பெயின்ட், ஒளிபிரதிபலிப்புப் பட்டை, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் புதிதாகின்றன. கண்ணுக்குத் தெரிபவை பளபளக்கின்றன. முன்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி ஆட்டிப் பார்த்தால்தான் தெரியும் பழுது, தூக்கிப் பார்க்காதவரை தெரியாது. இணைப்புகளின் ஆட்டத்தையும் சக்கரம் பக்கவாட்டில் நழுவுவதையும் கருவியில் அளக்கும் தானியங்கிப் பரிசோதனை நிலையங்களை மத்திய அரசின் விதிகள் வலியுறுத்துகின்றன. அது நல்ல விதி. அந்த நிலையங்களில் அலங்கார வேலைகளைவிட முன் அச்சின் இணைப்புகளுக்கு முதலிடம் கிடைக்க வேண்டும். இரண்டு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்துக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் எந்தக் கருவியாலும் பதில் சொல்ல முடியாது.

இன்னொரு விதியும் இங்கே நினைவுகூரத்தக்கது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட்டே தேவையில்லை. சிறு வியாபாரிக்கும் விவசாயிக்கும் உதவும் சலுகை அது. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். லாரிக்கு இருக்கும் கண்காணிப்பில் ஒரு பங்கு இந்த வண்டிகளுக்கு இல்லாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று தெளிவுபடுத்தியது. கார் ஓட்டத் தெரிந்த இளைஞர் மறுநாளே லோடு வண்டியில் ஏறலாம். அவருக்கு நடுக்கம் என்றால் என்ன, அது வந்தால் என்ன செய்வது என்று யாராவது சொல்லித்தர வேண்டாமா? நடுக்கம் வந்ததும் பதறி பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரத்தில் பாரம் பாய்ந்து ஆட்டம் கூடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை உறுதியாக நேராகப் பிடித்து, வேகத்தைத் தானாக இறங்கவிட்டு, ஓரம் கட்ட வேண்டும். கட்டிய பிறகு, காரணம் தெரியாமல் மறுபடி கிளம்பக் கூடாது. உரிமத் தேர்வில் இது ஒரு கேள்வியாகக்கூட இருப்பதாகத் தெரியவில்லை.

மேலே இருப்பவர்கள்

பெட்டியில் தேங்காய் இருந்தால் நட்டம் பணத்தோடு போகும். ஆட்கள் இருந்தால் உயிர் போகும். 2021 பிப்ரவரி 16-ம் தேதி தூத்துக்குடி மாவட்டம் மணியாச்சி அருகே, விவசாய வேலைக்குப் பெண்களை ஏற்றிச் சென்ற சரக்கு வண்டி ஓடைக்குள் கவிழ்ந்ததில் ஐந்து பெண்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 18-ம் தேதி திருச்சி மாவட்டம் துறையூர் அருகே கோயிலுக்குச் சென்ற குடும்பத்தினரின் சரக்கு வண்டி, டயர் வெடித்துச் சாலையோரக் கிணற்றுக்குள் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். 2022 ஏப்ரல் 2-ம் தேதி திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாதுமலையில் கோயிலுக்குப் போன வண்டி பள்ளத்தில் உருண்டு 11 பேர் இறந்தார்கள். 2024 மே மாதம் சத்தீஸ்கரில் பீடி இலை பறித்துத் திரும்பிய பழங்குடி மக்களின் பிக்கப் வண்டி பள்ளத்தில் விழுந்து 19 பேர். இவை எல்லாமே ஸ்டீயரிங் நடுக்கத்தால் நேர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. கட்டுப்பாடு கைவிட்டுப்போன ஒரு நொடியில், பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இல்லாத திறந்த பெட்டியில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன். நடுக்கம் கொண்டுவருவது அதே நொடியைத்தான்.

இறந்த பிறகும் அநீதி முடிவதில்லை. சரக்கு வண்டியில் கூலிக்கோ இலவசமாகவோ பயணித்தவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ உடன் சென்றால் காப்பீடு உண்டு. களையெடுக்கப் போகும் பெண் அந்த வரையறைக்குள் வருவதில்லை. இழப்பீட்டை வண்டி உரிமையாளரிடமே வாங்கிக்கொள் என்பதே பெரும்பாலும் சட்டத்தின் பதில். தவணை கட்ட முடியாமல் கிங்பின் மாற்றாத உரிமையாளரிடம் லட்சக்கணக்கில் வசூலிப்பது எப்படி? காலை ஐந்தரை மணிக்கு வயலுக்குப் போக வேண்டிய நேரத்தில் அந்தக் கிராமத்துக்குப் பேருந்து இருந்தால், அந்தப் பெண் குட்டியானையில் ஏறியிருக்க மாட்டார். ‘விடியல்’ திட்டம் நகரப் பேருந்துகளில் பெண்களின் கட்டணத்தை நீக்கியது. கூலி வேலைக்குப் போகும் நேரத்துக்கு வண்டி வருவது அதன் அடுத்த படியாக இருக்க வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரத்தில் நடவு, அறுவடை நாட்களில் மட்டுமாவது இதைச் செய்து பார்க்கலாம்.

எண்ணப்படாத பழுது

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடு 64,105 என்று நாட்டிலேயே முதலிடம். காரணங்களின் பட்டியலில் பத்தில் ஏழுக்கும் மேலான விபத்துகள் ‘அதிவேகம்’ என்ற ஒரே கட்டத்துக்குள் விழுகின்றன. 55 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் வெடவெடத்துச் சாலையை விட்டு இறங்கிய வண்டியும் பெரும்பாலும் அங்கேதான் போய்ச்சேரும். விபத்துக்குப் பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் தரும் அறிக்கையில் இயந்திரக் கோளாறு இல்லை என்ற வாசகம் வழக்கமாக இடம்பெறுகிறது. நொறுங்கிக் கிடக்கும் முன் அச்சில், டை ராட் முனை மோதலுக்கு முன்பே கழன்றதா, மோதலில் உடைந்ததா என்று கண்டறிய, உடைந்த பரப்பில் பழைய தேய்மானத்தையும் துருவையும் பார்க்க வேண்டும். அதற்கு நேரமும் பயிற்சியும் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் பங்களிப்போடு உருவான சாலை விபத்துத் தரவுத்தளம் இன்று காவல் நிலையங்களில் பயன்பாட்டில் இருக்கிறது. அதில் சரக்கு வண்டி விபத்துகளுக்கு மட்டும் கிங்பின், டை ராட் முனை, சக்கர பேரிங், முன் டயர் ஆகிய நான்கின் நிலையைப் படத்தோடு பதிவுசெய்யச் சொன்னால், சில ஆண்டுகளில் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

எண்ணாததன் இன்னொரு விளைவு, உற்பத்தியாளர்மேல் அழுத்தமே இல்லாமல்போவது. வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ குறை இருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் 2019 சட்டத் திருத்தத்தில் அரசுக்குக் கிடைத்தது. 2021 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிக்கு உரிமையாளர் இணையத்தில் புகார் பதிவுசெய்யலாம். புகார்கள் விற்பனையில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் நடவடிக்கை. மீறும் நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். நிறுவனங்கள் தாங்களாகவே திரும்ப அழைப்பதும் உண்டு: 2021-ல் மஹிந்திரா, திரவக் குழாய் ஒன்று சரியாகப் பொருத்தப்படாமல் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் 29,878 பிக்கப் வண்டிகளைப் பரிசோதனைக்கு அழைத்தது. ஒரு குழாய்க்காக முப்பதாயிரம் வண்டிகளை அழைக்க முடிகிறது என்றால், புகார் போய்ச்சேர்ந்தால் வேலை நடக்கும் என்றுதான் அர்த்தம். நம் ஓட்டுநர்களின் புகார் பட்டறைத் திண்ணையோடு நின்றுவிடுகிறது. புது வண்டியிலேயே, பாரம் மீறாமலேயே, முன்பக்கம் நடுங்கினால் அதைத் தயங்காமல் பதிவுசெய்ய வேண்டும். விற்பனை மையத்தில் வாய்மொழியாகச் சொல்லாமல், ஜாப் கார்டில் எழுதவைத்து நகல் வாங்கிக்கொள்வது அதன் முதல் படி.

இப்போது அவசரம் கூடியிருக்கிறது. திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை நம் பகுதியில் நான்குவழிச் சாலையாகிவருகிறது. ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழமும், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் இனி வேகமாக மதுரை போய்ச்சேரும். மகிழ்ச்சிதான். மேடு பள்ளமான பழைய சாலையில் 45-ஐத் தாண்ட முடியாததால் ஒளிந்திருந்த நடுக்கம், வழுவழுப்பான சாலையில் 70-ல் வெளியே வரும். அங்கே பக்கத்தில் ஓடுவது பேருந்தும் டாரஸ் லாரியும்.

உரிமையாளர்கள் ஒன்றைச் செய்யலாம். மாதம் ஒருமுறை, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடவலமாகச் சிறிது ஆட்ட, இன்னொருவர் கீழே குனிந்து ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கட்டும். ஸ்டீயரிங் அசைந்தும் சக்கரம் அசையாத இடத்தில்தான் பழுது. பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின்னும் பேரிங்கும், இருபக்கமும் பிடித்து ஆட்டினால் டை ராட் முனையும் தம் நிலையைச் சொல்லிவிடும். கால் மணி நேர வேலை.

விருதுநகர் மாவட்ட நிர்வாகத்துக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கும் ஒரு கோரிக்கை. மாம்பழ சீசன் தொடங்குவதற்கு முன், பங்குனியிலேயே, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு மூன்று இடங்களிலும் சரக்கு வண்டிகளுக்கு முன் அச்சு ஆய்வு முகாம் நடத்துங்கள். அபராதம் இல்லாத முகாமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பழுதுள்ள வண்டி ஒன்றுகூட வராது. உள்ளூர் மெக்கானிக்குகளை அழைத்து உட்காரவையுங்கள். பழுது கண்ட வண்டிக்குச் சீர்செய்ய அவகாசம் கொடுங்கள், அந்த அவகாசத்தில் அது ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று எழுத்தில் சொன்ன ஓட்டுநரை வண்டியை எடுக்கச் சொல்லி வற்புறுத்திய உரிமையாளர்மீது 190-வது பிரிவை ஒரே ஒரு முறை பயன்படுத்திக்காட்டுங்கள். மாவட்டம் முழுவதும் உள்ள ஓட்டுநர்கள் அடுத்த நாளே வாய் திறப்பார்கள்.